பாட்டு எடுப்பு

உப்போடைவிளையில் நாற்பத்து மூன்று பாட்டுகள் வந்து குடியேறிய கதையைச் சொல்வதென்றால், சண்முகக்கனி தனக்குத் தெரியாத ஒன்றைத் தெரியும் என்று சொன்ன இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும், ஏனென்றால் அவள் வாழ்க்கையில் நடந்த பெரும்பாலான காரியங்கள் அங்கிருந்துதான் தொடங்கின. கனி உப்பளத் தொழிலாளி சிவனணைஞ்ச பெருமாளின் ஒரே மகள், அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள். முதல் நாள் வகுப்பில் எல்லோருக்கும் இமெயில் இருக்கிறதல்லவா என்று கேட்டபோது தலையாட்டினாள், அன்று மாலையே யாருக்கும் தெரியாமல் ஒன்றைத் தொடங்கினாள். கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்த கம்பெனியில் எஸ்கலேட்டரில் போகலாமா என்றார்கள், தலையாட்டினாள், கண்ணை மூடிக்கொண்டு ஏறினாள். முதலில் தலையாட்டிவிடுவது, பிறகு ஒளிந்து கற்றுக்கொள்வது என்பதே அவளுடைய படிப்பு முறை, அந்த முறையில் அவள் இதுவரை தோற்றதில்லை.

ஆகவே அதே கம்பெனியில் வேலை பார்க்கும், அவளுக்கு நிச்சயிக்கப்பட்ட நவநீதன் ஒருநாள் தயங்கித் தயங்கி, "கனி, ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா? ரிசப்ஷன்ல நாம ரெண்டு பேரும் முதல்ல ஒரு பாட்டுக்கு ஆடணும். உனக்கு ஆட வரும்ல? பாட்டை நீயே எடுத்துரு" என்று சொன்னபோது, தன் வாழ்நாளில் கோயில் கொடைத் திருவிழாவில்கூடத் தோளை அசைத்திராத சண்முகக்கனி தலையாட்டினாள்.

இந்த விஷயத்தை அவள் ஊருக்கு வந்து வீட்டில் சொன்னது, திருமணத்துக்குப் பன்னிரண்டு நாட்கள் இருக்கும்போது. அவளுடைய அப்பா தலையைச் சொறிந்தார். அம்மா முத்துப்பேச்சி, "மாப்பிள்ளையும் பொண்ணும் ஆடுததுன்னா, தாலி கட்டுததுக்கு முன்னயா பின்னயா?" என்று மட்டும் கேட்டாள். பதில் சொல்லும் பொறுப்பை அப்பாவின் அக்கா சொர்ணத்தாய் எடுத்துக்கொண்டாள். அந்தக் குடும்பத்தில் எதற்கும் பதில் சொல்லும் பொறுப்பு அவளுடையதுதான்.

"முகூர்த்தச் சேலை எப்படி எடுத்தோமோ அப்படித்தான் இதுவும்" என்றாள் சொர்ணத்தாய். "நாள் பாத்து, நேரம் பாத்து, சொந்தக்காரவளுவள எல்லாம் கூப்பிட்டு வச்சு எடுக்கணும். அவ ஒத்தையில ஃபோன்ல பாத்து எடுக்கதுக்கு இது என்ன செருப்பா?"

சேலை எடுப்பதில் அந்தக் குடும்பத்துக்கென்று சில சட்டங்கள் இருந்தன. முதலில் காட்டுவதை எடுக்கக் கூடாது. பிடித்துவிட்டாலும் முகத்தில் காட்டக் கூடாது. குறைந்தது இருபதை உதறி எறிந்த பிறகுதான் ஒன்றைத் தொட்டுப் பார்க்கலாம். கல்யாணப் பெண் நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவள் தோளில் சேலையைப் போட்டுப் போட்டுப் பார்ப்பார்கள், ஆனால் அவள் வாய் திறக்கக் கூடாது. வாய் திறக்கிற பெண் போகிற வீட்டில் நிலைக்க மாட்டாள் என்று எந்தக் காலத்திலோ யாரோ சொல்லி, அதை யாரும் மாற்றிச் சொல்லவில்லை.

அப்படித்தான் ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு மேல் பன்னிரண்டு மணிக்குள் பாட்டு எடுப்பு நடந்தது. அத்தைகளும் சித்திகளும் மதினிகளுமாகப் பதினேழு பேர் வந்து, பாயில் வட்டமாக உட்கார்ந்து, காராச்சேவும் காப்பியும் சாப்பிட்டுவிட்டு, கனியை நடுவில் உட்கார வைத்தார்கள். மைக்செட் காசிலிங்கம் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கி, அவற்றின் வாய் அவள் பக்கம் பார்க்கும்படி திருப்பி வைத்து, பென் டிரைவைச் செருகிவிட்டு, ஜவுளிக்கடைக்காரனைப் போலவே, "என்ன மாதிரி பாக்கீங்க, சாஃப்டாவா, கொஞ்சம் எடுப்பாவா?" என்று கேட்டான்.

முதல் பாட்டை யாரும் கேட்கவே இல்லை, முதலில் காட்டுவது என்பதால் கையை ஆட்டித் தள்ளிவிட்டார்கள். இரண்டாவது பாட்டு அந்தப் படத்தில் கதாநாயகி சாகிறாள் என்பதால் போயிற்று. மூன்றாவது, செல்லையாவின் டிராக்டர் கிணற்றில் விழுந்தபோது டீக்கடையில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு. நாலாவது நல்ல பாட்டுதான், ஆனால் போன மாசம் எதிர்வீட்டுக் கல்யாணத்தில் போட்டுவிட்டார்கள். ஐந்தாவதில் 'பிரிவு' என்று ஒரு சொல் வந்தது. ஆறாவது மிகவும் கறுப்பாக இருக்கிறது என்று வெள்ளத்தாய் சித்தி சொன்னாள், பாட்டு எப்படிக் கறுப்பாக இருக்கும் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் அது கறுப்பாகத்தான் பட்டது.

ஒன்பதாவது பாட்டு ஒரு பெண் குரலில் தொடங்கியது. பக்கத்தில் எந்த வாத்தியமும் இல்லாமல், ஆளில்லாத வீட்டில் ஒருத்தி தனக்குத்தானே பேசிக்கொள்வதைப் போலத் தொடங்கி, இரண்டு வரி போனதும் நின்று ஒரு மூச்சு எடுத்தது. அந்த மூச்சுக்குப் பிறகு, யாரோ பின்வாசலைத் திறந்துவிட்டது போல வயலின்கள் வந்தன. கனியின் சேலைக்குள், யாரும் பார்க்காத இடத்தில், அவளுடைய வலது குதிகால் தானாக ஒருமுறை தரையைத் தட்டியது. தன் உடம்பில் இப்படி ஒரு வேலை தெரிந்த ஆள் இருப்பது அவளுக்கே அன்றுதான் தெரியும்.

"இது என்ன, ஆரம்பிக்கதுக்கே இவ்வளவு யோசிக்கு" என்றாள் சொர்ணத்தாய். "வேண்டாம். அடுத்தத எடு."

கனியின் தொண்டை வரைக்கும் ஒரு வார்த்தை வந்தது. அவள் அதை விழுங்கினாள். காசிலிங்கம் அடுத்ததை எடுத்தான்.

நாற்பத்து மூன்று பாட்டுகள் போட்டு, நாற்பத்து மூன்றையும் பாதியில் நிறுத்தினார்கள். கடைசியில் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு மாமா பழக்கத்தில், "சரி விடுங்க, நாளைக்கு வேற கடை பாப்போம்" என்றார், எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டு எழுந்து போனார்கள். அவர்கள் செய்த தப்பு அதுதான். ஜவுளிக்கடையில் நாம் உதறி எறிந்ததையெல்லாம் நாம் போன பிறகு ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மடித்து அலமாரியில் வைக்கிறார். உதறிப் போட்ட பாட்டுகளை மடித்து வைக்க அங்கே ஒருவரும் இல்லை.

மறுநாள் காலை முத்துப்பேச்சி இட்லிக் கொப்பரையைத் திறந்தபோது ஆவியோடு சேர்ந்து பதினாலாவது பாட்டு, முந்தின நாள் நிறுத்திய அதே சொல்லிலிருந்து, தபேலாவோடு வெளியே வந்தது. அவள் அது பாடுகிற வரைக்கும் பாடட்டும் என்று துணியிலிருந்து இட்லிகளை எடுத்துவிட்டுத் திரும்ப மூடினாள், பாட்டும் நின்றது. "இட்லி நல்லாத்தான் வெந்திருக்கு" என்று வீட்டுக்குள் பார்த்துச் சொன்னாள்.

அன்று மதியத்துக்குள் அநேகமாக எல்லாப் பாட்டுகளும் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. ஒன்று தபாலாபீஸ் முத்திரைக்குள் போய் உட்கார்ந்திருந்தது, முத்திரை குத்தக் குத்தப் பாடியது, அதனால் பதிவுத் தபால் கொண்டுவந்தவர்கள் இன்னும் ஒரு குத்துப் போடச் சொல்லிக் கேட்டார்கள். கதாநாயகி செத்துப்போகிற பாட்டு தையல்காரர் மிக்கேலின் மிஷினுக்குள் போனது, அன்று அவர் தைத்த ரவிக்கைகள் எல்லாம் ஈரமாக இருந்தன, வெயிலில் காயப்போட்டுக் கொடுத்தார். ஒரு தாலாட்டு மேல்நிலைத் தொட்டிக்குள் விழுந்துவிட்டதால் காலை ஆறு மணிக்குக் குழாய் திறந்ததும் தெருவே கொட்டாவி விட்டது, குடத்தைப் பிடித்தபடி இரண்டு பேர் தூங்கிப்போனார்கள். நல்ல அடியுள்ள குத்துப்பாட்டு ஒன்று அம்மன் கோயில் மணிக்குள் புகுந்தது. பூசாரி இரண்டு நாள் முகத்தைச் சுளித்தார், மூன்றாம் நாள் முதல் பூசையைச் சீக்கிரம் முடித்தார். அரசுப் பேருந்தின் பின்வாசல் கதவிலும் ஒன்று இருந்தது. "படியில பாட்டு நிக்கி, கொஞ்சம் உள்ள போகச் சொல்லுங்க" என்று கண்டக்டர் சொல்வார், எல்லோரும் ஒதுங்கி வழிவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம் போட்டார்கள். பாட்டு எப்படி வந்தது என்று யாரும் பேசவில்லை, யாருக்கு எது என்பதைத்தான் பேசினார்கள். எந்த வீட்டில் வந்து இறங்கியதோ அது அந்த வீட்டுக்கே சொந்தம் என்றும், இரண்டு வீட்டார் ஒத்துக்கொண்டால் மாற்றிக்கொள்ளலாம் என்றும், துக்க வீட்டிலிருந்து நாலு வீடு வரைக்கும் இருப்பவர்கள் தங்கள் பாட்டைப் பதினாறு நாள் மூடி வைக்க வேண்டும் என்றும் முடிவானது. தன் வீட்டுக்கு ஒரு பாட்டும் வரவில்லை, ஊர் தன்னை ஒதுக்கிவிட்டது என்று பரமசிவன் எழுந்து நின்று குரல் தழுதழுக்கச் சொன்னார். இரண்டு பாட்டு வந்திருந்த வீட்டிலிருந்து ஒன்றை அவருக்கு ஒரு தூக்குச் சட்டியில் போட்டு மூடிக் கொடுத்தார்கள். குடியிருப்புச் சான்று கேட்டு யாராவது வந்தால் பாட்டுக்குக் கொடுக்கலாமா கூடாதா என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டிருப்பதாகக் கிராம நிர்வாக அலுவலர் சொன்னார். பதில் வரவில்லை.

பாட்டுகளின் குணம் திங்கட்கிழமைதான் புரிந்தது. ரயில்வே கேட் ஒரு மணி நேரம் திறக்காமல் போனதில், பேருந்துக் கதவு திறந்தபடியே கிடந்து, அதிலிருந்த பாட்டு முதன்முறையாகக் கடைசி வரி வரைக்கும் பாடி முடித்தது. முடித்ததும் படியில் இறங்குவது போல ஒரு சத்தம் கேட்டது. பிறகு கதவை எத்தனை தடவை திறந்து சாத்தினாலும் அது வெறும் கதவுதான். கண்டக்டர் அந்த வாரம் முழுக்க யாருக்கும் சரியாகச் சில்லறை கொடுக்கவில்லை. நிறுத்திய பாட்டு நிற்கும், முடித்த பாட்டு போய்விடும் என்று அப்போது ஊருக்குத் தெரிந்தது. மிக்கேல் தன் மிஷினை ஒரே மிதியாக மிதித்துப் பாட்டைப் பாடி முடிக்க வைத்துவிட்டு, உலர்ந்த ரவிக்கைகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். மற்றவர்கள் அப்படிச் செய்யவில்லை. தினமும் திறந்து கேட்டு, கடைசி வரிக்கு முந்தின இடத்தில் மூடி வைத்தார்கள், அவ்வளவு தூரம் வந்து மூடிய பாட்டு மறுநாள் முதல் வரியிலிருந்தே தொடங்கியது.

இவ்வளவும் நடக்கும்போது சண்முகக்கனி தன் அறையில் ஃபோனும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். ஒன்பதாவது பாட்டு அதில் அத்தை வேண்டாம் என்று சொன்ன இடம் வரைக்கும் ஓடி, அதற்குப் பிறகு வெறும் அமைதியாக ஓடியது. காசிலிங்கத்திடம் கேட்டாள். "பென் டிரைவ்ல பேரு இருக்கு தாயி, ஆளு இல்ல" என்றான். நவநீதனைக் கூப்பிட்டாள். அவன் போட்டுப் பார்த்துவிட்டு, "இங்கயும் அந்த எடத்துல நின்னுருது, நெட் ஸ்லோன்னு நெனச்சேன்" என்றான். பிறகு, "பரவால்ல விடு, வேற ஏதாவது எடுத்துக்கலாம், லட்சம் பாட்டு இருக்கே" என்றான்.

கனி தலையாட்டப் போனாள். ஃபோனில் தலையாட்டினால் தெரியாது என்பது நல்லதாகப் போயிற்று. லட்சம் பாட்டுகளில் எதற்கும் அவளுடைய குதிகால் எழுந்திருக்கவில்லை. இத்தனை வருஷங்களாக, படிப்பும் வேலையும் சேலையும் மற்றவர்கள் எடுத்து அவள் தோளில் போட்டவைதான், எல்லாமே நல்லவைதான், அவளுக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் இது பிடித்திருக்கிறது என்று ஒரு பொருளைப் பற்றி வாயால் சொன்ன ஞாபகம் அவளுக்கு இல்லை. இதையும் சொல்லாமல் விட்டால் இனி எதையும் சொல்ல வராது என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

"எனக்கு அதுதான் வேணும்" என்றாள். சொல்லிவிட்டு, ஏதோ உடைத்துவிட்டவளைப் போல ஃபோனை வைத்துவிட்டாள்.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருந்தது. பத்திரிகையும் குங்குமச் சிமிழும் எடுத்துக்கொண்டு ஊரில் ஒவ்வொரு வீடாக ஏறினாள். பத்திரிகை வைத்து முடித்ததும், "உங்க பாட்ட ஒரு தடவ கேக்கலாமா?" என்று கேட்டாள், யாரும் மறுக்கவில்லை. அரிசிப் பானையைத் திறந்து காட்டினார்கள், பீரோவைத் திறந்து காட்டினார்கள், ஒரு வீட்டில் கோழியைப் பிடித்து அமுக்கிக் காட்டினார்கள். எல்லாப் பாட்டுக்கும் தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். கடைசியில் மிச்சமிருந்தது சொர்ணத்தாய் அத்தையின் வீடு.

சொர்ணத்தாய் ஆறு நாளாக யாரிடமும் பேசவில்லை என்பது ஊருக்கே தெரியும். கேட்டதற்குத் தலையை ஆட்டினாள், இல்லாவிட்டால் கையை ஆட்டினாள். கல்யாண வேலையில் யார்மீதோ கோபம் என்று எல்லோரும் நினைத்து, அவரவர் தங்கள்மீதுதான் என்று முடிவு செய்து, தனித்தனியாக வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

"யத்தே, வாயத் திறங்க" என்றாள் கனி.

சொர்ணத்தாய் பல்லைக் கடித்தபடி, "எதுக்குட்டி?" என்றாள். அந்த இடுக்கிலேயே ஒரு வயலின் கசிந்துவிட்டது.

 பிறகு சொர்ணத்தாய், சொல்லை இரண்டு உதடுகளுக்கு நடுவில் சின்னதாக நறுக்கி நறுக்கிப் பேசினாள். "வியாழக்கிழம காலையில ஒரு கொட்டாவி விட்டேன் மருமவளே. அம்புட்டு வாத்தியமும் வந்துட்டு. வேண்டாம்னு சொன்னவ வாயிலயே வந்து உக்காந்துருக்கு பாரு, அதுக்கு ஒரு வெக்கம் உண்டா?"

"கடைசி வரைக்கும் பாட விட்டீங்களா?"

"விடல. மத்தியானம் சாப்பிட்ட பெறவு கொல்லைல உக்காந்து கொஞ்ச நேரம் வாயத் தொறந்து வைப்பேன். கடைசி வரி வாரப்ப மூடிக்கிடுவேன்." அவள் சேலைத் தலைப்பை இழுத்து முடிச்சுப் போட்டாள், அவிழ்த்தாள். "ஒங்க மாமா இருவது வருசமா மத்தியானச் சாப்பாடு லாரி செட்டுலதான். ரெண்டு நாளா வீட்டுக்கு வாராரு. ஒண்ணும் பேச மாட்டாரு. எதுக்க ஸ்டூல் போட்டு உக்காந்து என் வாயவே பாத்துக்கிட்டு இருக்காரு. மனுசன் என் வாயப் பாத்தது கல்யாணம் ஆன புதுசுல, சண்டைக்கு."

கனி பத்திரிகையைக் கீழே வைத்தாள். "யத்தே, அன்னைக்கு அந்த ஒன்பதாவது பாட்டு எனக்குப் பிடிச்சிருந்தது."

சொல்லிவிட்டு அவள் மேலே கூரையைப் பார்த்தாள். கூரை விழவில்லை, அங்கேயே இருந்தது. ஒரு பூனை கொல்லைப் பக்கம் நடந்து போயிற்று.

"அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா."

"பொண்ணு வாய் திறக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

"அது சேலைக்குச் சொன்னது" என்றாள் சொர்ணத்தாய். பத்திரிகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "அங்க வந்து முழுசாப் பாடிட்டுன்னா போயிரும், தெரியும்லா?" என்றாள்.

"தெரியும்."

"மாமா திரும்ப லாரி செட்டுக்குப் போயிருவாரு."

 வேண்டாம் அத்தை, வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நாக்கு வந்தது, அந்தப் பழைய நாக்கு, எதையும் விட்டுக்கொடுக்கப் பழகிய நாக்கு. கனி அதைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொர்ணத்தாய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வாரேன். மேடைல எனக்கு ஒரு சேர் போடச் சொல்லு. நின்னுக்கிட்டு வாயத் தொறக்க என்னால ஆவாது."

தூத்துக்குடியில் மண்டபத்தில் ரிசப்ஷன் நடந்தது. மேடையில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் போட்ட சிம்மாசனங்களுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அதில் சொர்ணத்தாய் உட்கார்ந்தாள். காசிலிங்கம் மைக் ஸ்டாண்டை அவள் வாய்க்கு நேரே இறக்கி, "யக்கா, ஒரு தடவ ஆன்னு தொறங்க, லெவல் பாத்துக்கிடுதேன்" என்றான். நவநீதனின் அம்மா முன்வரிசையிலிருந்து, "ஏனுங்க, அவங்க பாடுறவங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல மைனி, பொண்ணுக்கு அத்தை" என்றாள் முத்துப்பேச்சி.

"அப்பச் சரிங்க" என்றாள் நவநீதனின் அம்மா.

 பன்னிரண்டு நாளில் கனிக்கு ஒளிந்து கற்றுக்கொள்ள நேரமே கிடைக்கவில்லை. அவள் நவநீதனின் காதருகே போய், "ஒரு உண்மையச் சொல்லிருதேன். எனக்கு ஆடத் தெரியாது" என்றாள்.

நவநீதன் சிரித்த முகம் மாறாமல் கூட்டத்தைப் பார்த்தபடி, "எனக்கும் தெரியாது கனி. ஆபீஸ்ல கேட்டாங்க, தெரியும்னு தலையாட்டிட்டேன்" என்றான்.

சொர்ணத்தாய் வாயைத் திறந்தாள். அந்தப் பெண் குரல் தனியாக வந்து, இரண்டு வரி நடந்து, நின்று ஒரு மூச்சு எடுத்தது, மண்டபம் முழுக்க அறுநூறு பேரும் அதோடு சேர்ந்து ஒரு மூச்சு எடுத்தார்கள். பிறகு பின்வாசல் திறந்து வயலின்கள் வந்தன. கனியின் குதிகால் தட்டியது. அடுத்ததாக எந்தக் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருவரும், உப்புப் பாத்தியின் வரப்பில் எதிரெதிரே வந்துவிட்ட இரண்டு பேர் ஒருவருக்கொருவர் வழிவிடுவது போல, இந்தப் பக்கம் ஒதுங்கி, அந்தப் பக்கம் ஒதுங்கி, மறுபடியும் ஒதுங்கி, அதையே செய்துகொண்டிருந்தார்கள். அது பார்க்க ஆட்டம் போலவே இருந்தது. கனியின் அப்பா, வாழ்நாளில் முதன்முறையாக ஒரு மண்டபத்தின் முன்வரிசையில் உட்கார்ந்து, இருக்கையின் நுனியை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார்.

பாட்டு இரண்டாவது சரணம் தாண்டி இறங்கத் தொடங்கியது. கனி திரும்பி அத்தையைப் பார்த்தாள். சொர்ணத்தாய் கண்களை மூடிக்கொண்டு வாயை அகலத் திறந்தபடியே இருந்தாள், மூடுகிற எண்ணம் அவள் முகத்தில் இல்லை. கொடுப்பதென்று முடிவு செய்துவிட்டால் முழுசாகக் கொடுப்பவள் அவள். கீழே மூன்றாவது வரிசையில் அவளுடைய புருஷன் பால்ராஜ் மாமா சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டு, மேடையில் கல்யாணப் பெண் ஒருத்தி ஆடிக்கொண்டிருப்பது தெரியாதவரைப் போல, அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி வரிக்கு முந்தின வரி முடிந்தது. கனி நவநீதனின் கையை விட்டுவிட்டு, பட்டுச் சேலையைக் கொத்தாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மேடையின் குறுக்கே நாலு எட்டில் நடந்து போய், மருதாணி போட்ட இரண்டு விரல்களை அத்தையின் தாடைக்குக் கீழே வைத்து மெதுவாக மேலே தள்ளி, அந்த வாயை மூடினாள்.

"இவ்வளவு போதும்" என்றாள். மைக் அவள் பக்கம் இருந்ததால் அது மண்டபம் முழுக்கக் கேட்டது.

சொர்ணத்தாய் கண்ணைத் திறந்தாள். மேடையின் நடுவில் நவநீதன் ஒரு காலைத் தூக்கியபடி, அதைக் கீழே வைக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தான்.

"முடிஞ்சிருச்சா?" என்று கேட்டான்.

"முடியல" என்றாள் சண்முகக்கனி. "இன்னும் ஒரு வரி இருக்கு. வாங்க, சாப்பிடப் போவோம்."